கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டராகச் சேருபவருக்கு: முதல் நாளிலிருந்து ஷிப்ட் ஒப்படைப்பு வரை

புதிதாக வருகிற பையன் முதலில் போய் நிற்கும் இடம் மின் பேனல். எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொள்வான். ஒரு வாரத்தில் பொத்தான்கள் பழகிவிடும், நிலையம் பழகாது. தொட்டியில் வேலை செய்பவை நுண்ணுயிர்கள்; அவற்றுக்குப் பொத்தான் கிடையாது. இன்று செய்த தவறு மூன்று நாள் கழித்துத்தான் கடைசிக் குழாயில் தெரியும். அதற்குள் அதை மறந்துவிட்டு வேறு எதையாவது திருகியிருப்போம்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் தொழிற்சாலைகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், மாங்கூழ் ஆலைகள் ஆகியவற்றில் இருக்கும் நிலையங்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். தளத்தில் புழங்கும் ஏரேஷன் டேங்க், கிளாரிஃபையர் (திடப்பொருள் படிந்து தெளிநீர் பிரியும் தொட்டி), புளோயர் (காற்று ஊதும் இயந்திரம்) போன்ற சொற்களை அப்படியே வைத்திருக்கிறேன். காற்றூட்டத் தொட்டி என்று நீங்கள் சொன்னால் உங்கள் உதவியாளர் எந்தத் தொட்டி என்று திருப்பிக் கேட்பார்.

1. சேருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஐ.டி.ஐ.யில் ‘அட்டெண்டன்ட் ஆபரேட்டர் கெமிக்கல் பிளாண்ட்’ என்ற இரண்டு ஆண்டுப் பிரிவு இந்த வேலைக்கு நேரடியாகப் பொருந்தும். வேதியியல் பட்டம், வேதிப் பொறியியல் டிப்ளமோ, எலக்ட்ரீஷியன் அல்லது ஃபிட்டர் படிப்போடு வருபவர்களும் உண்டு. தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் கீழ் கழிவுநீர் சுத்திகரிப்புக்கென்றே குறுகிய காலப் படிப்புகளும் இருக்கின்றன. சான்றிதழ் இருந்தால் நேர்காணலில் கதவு திறக்கும். என் அனுபவத்தில், உள்ளே வந்த பிறகு எலக்ட்ரீஷியன் படித்தவர் உயிரியலில் தடுமாறுவார், வேதியியல் படித்தவர் பம்ப் அருகே போகத் தயங்குவார். எது உங்களிடம் இல்லையோ அதை முதல் மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளுங்கள்.

டெட்டனஸ், டைஃபாய்டு, மஞ்சள் காமாலை பி வகை தடுப்பூசிகளைச் சேரும் முன்பே மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையுறை, கண்ணாடி ஆகியவற்றை நிறுவனம் தர வேண்டும். கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டாம். சாப்பாட்டுப் பாத்திரத்தை ஆய்வக மேசையில் வைக்கும் பழக்கத்தை மட்டும் முதல் நாளே விட்டுவிடுங்கள்.

2. எதையும் தொடுவதற்கு முன்: தொட்டிக்குள் இறங்க மாட்டேன் என்று முடிவெடுங்கள்

சம்ப்பில் (கழிவுநீர் சேரும் குழியில்) பம்ப் அடைத்துக்கொண்டது, இரண்டு நிமிட வேலை என்று யாராவது சொல்வார். அந்த இரண்டு நிமிடத்தில்தான் இந்தத் தொழிலில் ஆட்கள் சாகிறார்கள். மூடிய தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்ந்திருக்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைப்பவர் மேலே வருவதில்லை. அவரைத் தூக்க இறங்குபவரும் வருவதில்லை.

2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி மனிதரைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. பம்பைச் சங்கிலி போட்டு மேலே இழுங்கள். தொட்டியைக் காலி செய்ய உறிஞ்சு லாரியைக் கூப்பிடுங்கள். தவிர்க்கவே முடியாத பணி என்றால் அது பயிற்சி பெற்ற குழுவின் வேலை: வாயு அளவி, காற்றோட்டம், கயிறும் முக்காலியும், எழுத்தில் அனுமதி, மேலே ஒரு காவல் ஆள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் யாரும் இறங்கக் கூடாது.

திறந்த ஏரேஷன் டேங்க்கும் ஆபத்துதான். காற்றுக் குமிழி நிறைந்த நீரில் உடல் எளிதாக மிதக்காது. நீச்சல் தெரிந்தவரும் மூழ்குவார். கைப்பிடிக் கம்பியையும் மிதவை வளையத்தையும் முதல் நாளே பார்த்துவையுங்கள். கம்பி துருப்பிடித்து ஆடுகிறது என்றால் நீங்கள் எழுதும் முதல் புகார் அதுவாக இருக்கட்டும்.

3. குழாய் வழியே நடந்து, கையால் படம் போடுங்கள்

அலுவலகத்தில் அழகான வரைபடம் இருக்கும். அதை நம்பாதீர்கள். கட்டிய பிறகு நான்கு பேர் நான்கு விதமாகக் குழாயை மாற்றியிருப்பார்கள். கழிவுநீர் உள்ளே வரும் கம்பிச் சல்லடையிலிருந்து தொடங்கி எண்ணெய்ப் பொறி, சமநிலைத் தொட்டி (ஏற்ற இறக்கமாக வரும் நீரைச் சேர்த்துச் சீராக்கும் தொட்டி), ஏரேஷன் டேங்க், கிளாரிஃபையர், மணல் வடிகட்டி, கரி வடிகட்டி, குளோரின் தொட்டி என்று கடைசி வரை நடங்கள். ஒவ்வொரு வால்வையும் படத்தில் குறியுங்கள். இப்போது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். எதற்கென்று தெரியாத வால்வு ஒன்றாவது கட்டாயம் இருக்கும். விசாரித்து முடிக்கும் வரை அதன் மேல் கை வைக்காதீர்கள்.

ஓசூர் ஷிப்டுகளில் தெலுங்கு, கன்னடம், இந்தி பேசுபவர்களும் இருப்பார்கள். வால்வில் தமிழில் மட்டும் எழுதி மாட்டினால் பாதிப் பேருக்குப் பயனில்லை. எண்ணும் நிறமும் போடுங்கள். ‘7ஆம் நம்பர் சிவப்பு’ என்று தொலைபேசியில் சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

கூடவே, நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1974இன் கீழ் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோலிட்டர், எங்கே விடலாம், எந்த அளவுக்குள் இருக்க வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். நீர்நிலையில் விடுவதற்கான பொதுத் தரம் பி.ஓ.டி. (கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்) 30, சி.ஓ.டி. (வேதிமுறையில் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்) 250, நீரில் கரையாமல் கலந்திருக்கும் திடப்பொருள் 100 மி.கி./லி., பி.எச். 5.5 முதல் 9 வரை. உங்கள் இசைவாணை இதைவிடக் கடுமையாக இருக்கலாம், வெளியேற்றமே கூடாது என்றும் இருக்கலாம். பக்கத்து ஆலையின் எண்ணைக் கேட்டு வைத்துக்கொண்டு வேலை செய்தவரைப் பார்த்திருக்கிறேன்.

4. ஷிப்ட் எடுக்கும் வரிசை

புதியவர்கள் உள்ளே வரும் நீரிலிருந்து தொடங்குவார்கள். நான் காற்றிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். ஏரேஷன் டேங்க்குக்குக் கழிவுநீர் அனுப்பும் ஃபீட் பம்ப் ஒரு மணி நேரம் நின்றாலும் நுண்ணுயிர்களுக்கு ஒன்றும் ஆகாது. காற்று சில மணி நேரம் நின்றால் தொட்டி கறுத்துவிடும்.

முதலில் புளோயர் அறை. சத்தம், பெல்ட்டின் இறுக்கம், எண்ணெய் மட்டம், ஆம்பியர், காற்றழுத்தம். நேற்றைய ஆம்பியரோடு ஒப்பிடுங்கள். அழுத்தம் நாளுக்கு நாள் ஏறினால் தொட்டியின் அடியில் காற்றைக் குமிழியாக்கும் டிஃப்யூசர் அடைகிறது என்று பொருள். ரூட்ஸ் வகை புளோயரை ஒருபோதும் வெளிவால்வை மூடி வைத்து இயக்காதீர்கள். காற்றுக்கு வழியில்லாவிட்டால் இயந்திரம் தன்னையே உடைத்துக்கொள்ளும்.

அடுத்தது ஏரேஷன் டேங்க். குமிழிகள் எல்லா மூலையிலும் சமமாக வருகின்றனவா? ஒரே இடத்தில் கொதிப்பதுபோல் எழுந்தால் அங்கே டிஃப்யூசர் கிழிந்திருக்கிறது. கரைந்த ஆக்சிஜன் 2 மி.கி./லி. அளவில் இருக்கட்டும். 1-க்குக் கீழே போவது ஆபத்து. 4-க்கு மேல் வைத்திருப்பது மின்கட்டண வீண்செலவு.

நிறத்தையும் நுரையையும் பாருங்கள். நல்ல தொட்டி காபிப்பொடிக் கரைசலின் பழுப்பில், மழை நனைத்த மண்ணின் வாசத்தோடு இருக்கும். வெள்ளை நுரை பொங்கினால் கசடு (நுண்ணுயிர்களின் திரள்) இளசாக இருக்கிறது அல்லது சோப்புத்தூள் நீர் அதிகமாக வந்திருக்கிறது. பழுப்பாக, பிசுபிசுப்பாகப் படரும் நுரை பெரும்பாலும் வயதான கசடின் அடையாளம். கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும்போது மலைபோல நுரை எழுவதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். நுரையைக் கண்டதும் பதறி, நுரையடக்கி மருந்தை வாளி வாளியாக ஊற்றிவிடுகிறோம். மருந்து நுரையை மறைக்கும், காரணம் அப்படியே இருக்கும். எந்த நுரை என்று முதலில் பாருங்கள்.

பிறகு கிளாரிஃபையர், அதன் பிறகு சமநிலைத் தொட்டியின் மட்டமும் பி.எச்.சும். இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஃபீட் பம்பின் வேகத்தைத் தீர்மானியுங்கள். வடிகட்டிகளுக்கு உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் இடையே சதுர செ.மீ.க்கு 0.5 கிலோ வித்தியாசம் வந்தால் பின்னோட்டமாகக் கழுவுங்கள். கடைசித் தொட்டியில் குளோரின் மிச்சம் 0.5 முதல் 1 மி.கி./லி. இருந்தால் போதும்.

5. அரை மணிப் படிவுச் சோதனை

ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். செலவு ஒரு லிட்டர் அளவுக் குவளை மட்டுமே.

ஏரேஷன் டேங்க்கில் நன்றாகக் கலங்கும் இடத்தில், தினமும் ஒரே இடத்தில், நீரை மொண்டு குவளையில் 1,000 மி.லி. வரை நிரப்புங்கள். வெயில் படாத, அதிராத மேசையில் வையுங்கள். புளோயர் அறைத் திண்ணையில் வைத்துவிட்டு ‘படியவே மாட்டேன் என்கிறது அண்ணா’ என்று வந்து நின்ற தம்பிகள் உண்டு. 30 நிமிடம் கழித்துக் கசடு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள்.

முதல் 5 நிமிடத்தை மட்டும் நின்று பாருங்கள், தேநீருக்குப் போகாதீர்கள். கசடு சின்னச் சின்னத் திரளாகச் சேர்ந்து, போர்வை இறங்குவதுபோல் ஒன்றாக இறங்க வேண்டும். கல்போல் சட்டென்று விழுந்து மேலே கலங்கலை விட்டுச் சென்றால் கசடு வயதாகிவிட்டது. பஞ்சுபோல் தயங்கி நின்றால் இளசு, அல்லது நூல்போல் நீளும் இழை நுண்ணுயிர்கள் பெருகிவிட்டன.

படிவு 350 மி.லி., தொட்டியின் எம்.எல்.எஸ்.எஸ். (ஒரு லிட்டர் தொட்டிநீரில் உள்ள கசடின் எடை) 3,500 மி.கி./லி. என்று வையுங்கள். 350ஐ 1,000ஆல் பெருக்கி 3,500ஆல் வகுத்தால் 100. இதுதான் கசடின் படிவுக் குறியீடு. 50 முதல் 150 வரை நிம்மதி. 200ஐத் தாண்டினால் கிளாரிஃபையரில் கசடு வழிந்து போகத் தயாராகிறது.

படிவு 900 காட்டினால் இரண்டு காரணம் இருக்கலாம்: கசடு அளவுக்கு மேல் சேர்ந்திருக்கலாம், அல்லது இழைகள் பெருகியிருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு. கண்டுபிடிக்க, பாதிக் குவளை கசடுநீரும் பாதிக் குவளை தெளிந்த வெளிநீரும் கலந்து மறுபடி வையுங்கள். இப்போது விறுவிறுவென்று இறங்கினால் கசடு அதிகம், எடுத்துவிடுங்கள். அப்போதும் இறங்கத் தயங்கினால் இழைகள். ஆக்சிஜனையும் சத்தையும் பி.எச்.சையும் பாருங்கள்.

குவளையை உடனே கழுவாமல் இன்னும் இரண்டு மணி நேரம் விட்டுவையுங்கள். படிந்த கசடு குமிழியோடு கட்டி கட்டியாக மேலே வந்தால், நைட்ரேட்டிலிருந்து நைட்ரஜன் வாயு வருகிறது. கிளாரிஃபையரிலும் அதுவேதான் நடக்கிறது. படிந்த கசடை ஏரேஷன் டேங்க்குக்கே அனுப்பும் திரும்பும் கசடுப் பம்பைக் கொஞ்சம் கூட்டி, கசடு அடியில் தங்கும் நேரத்தைக் குறையுங்கள்.

6. கசடை எடுக்கப் பயப்படாதீர்கள்

புதியவர்களின் பெரிய தவறு இதுதான். கசடு அதிகம் இருந்தால் சுத்திகரிப்பு அதிகம் என்று நினைத்து வெளியே எடுப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு வாரம் எல்லாம் அருமையாகத் தெரியும். மூன்றாவது வாரம், ஒரு மழை நாளில், கிளாரிஃபையர் மொத்தத்தையும் வெளியே தள்ளிவிடும்.

கணக்கு எளிது. தொட்டி 200 கனமீட்டர், எம்.எல்.எஸ்.எஸ். 3,500 என்றால் உள்ளே இருக்கும் கசடு 700 கிலோ. கசடின் வயதை, அதாவது அது தொட்டியில் தங்கும் காலத்தை, 20 நாளில் வைக்க விரும்பினால் தினம் 35 கிலோ எடுக்க வேண்டும். திரும்பும் கசடின் அடர்த்தி லிட்டருக்கு 8,000 மி.கி. என்றால் ஒரு கனமீட்டரில் 8 கிலோ. ஆக, சுமார் 4.4 கனமீட்டர். தினமும் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக எடுத்தால் திங்கட்கிழமை தொட்டி இளசாகி நுரைக்கும்.

மார்கழிக் குளிரில் ஓசூர்ப் பக்கம் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும். அப்போது எடுக்கும் அளவைச் சற்றுக் குறைத்து, கசடைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். சித்திரையில் நிலைமை மாறும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். அதே கசடுக்குக் காற்று போதாது. எந்த மாற்றமானாலும் ஒரு நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். ஒன்றை மாற்றினால் அதன் பலன் தெரியும் வரை வேறொன்றை மாற்றாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

7. மாம்பழப் பருவம்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை நிலையத்தை இயக்குபவருக்கு ஆண்டில் மூன்று மாதம் பேய் ஓட்டம், மீதி மாதங்கள் பட்டினி. தொட்டியும் அப்படித்தான். ஆலைக்குப் பெங்களூரா மாங்காய் லாரி வந்து நின்ற பிறகு நிலையத்தைத் தயார் செய்யத் தொடங்கினால் தோற்றோம்.

பருவம் தொடங்குவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே விதைக் கசடு (நுண்ணுயிர் வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் கசடு) போடுங்கள். சாணிக் கரைசல் மட்டும் ஊற்றுவது நம் பக்கத்து வழக்கம். அது உதவும், ஆனால் மெதுவாக; நாரைச் சல்லடையில் வடிகட்டாமல் ஊற்றினால் பம்பும் அடைக்கும். நன்றாக ஓடும் வேறொரு நிலையத்திலிருந்து ஒரு டேங்கர் கசடு கிடைத்தால் இரண்டு வார வேலை மிச்சம். வெல்லக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வளர்த்து, ஆலை நீர் வரத் தொடங்கியதும் கால் பங்கு, அரைப் பங்கு என்று மாற்றுங்கள்.

மாங்கூழ் நீரில் சர்க்கரை ஏராளம், தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) குறைவு. நுண்ணுயிர்களுக்கு பி.ஓ.டி. 100 பங்குக்குத் தழைச்சத்து 5, மணிச்சத்து 1 வேண்டும். குறைந்தால் இழைகள் பெருகும். நாளுக்கு 100 கனமீட்டர், பி.ஓ.டி. 1,000 என்றால் 100 கிலோ பி.ஓ.டி.; 5 கிலோ தழைச்சத்தும் 1 கிலோ மணிச்சத்தும் தேவை. 5 கிலோ டி.ஏ.பி. போட்டால் மணிச்சத்து 1 கிலோ கிடைத்துவிடும், அதிலேயே தழைச்சத்து 0.9 கிலோ வந்துவிடும். மீதி 4.1 கிலோவுக்கு, 46 சதவீதத் தழைச்சத்துள்ள யூரியா சுமார் 9 கிலோ. இது நீரில் ஒன்றுமே இல்லை என்ற கணக்கு. இருப்பதைச் சோதித்துக் கழியுங்கள். டி.ஏ.பி.யை முந்தின இரவே ஊறவையுங்கள், மூட்டையாகக் கொட்டினால் அடியில் கல்லாகக் கிடக்கும்.

ஒரு பருவத்தில், நான் இருந்த ஆலையில், இரவு ஷிப்டில் குழாய்களைக் காஸ்டிக் சோடாவால் கழுவிய நீரை எங்களிடம் சொல்லாமலே சாக்கடையில் திறந்துவிட்டார்கள். காலையில் சமநிலைத் தொட்டியின் பி.எச். 11. ஏரேஷன் டேங்க் இரண்டு நாளில் சாம்பல் நிறமானது. தேறி வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று, அதுவும் பருவத்தின் உச்சத்தில். அதற்குப் பிறகு இரண்டு காரியம் செய்தேன்: சல்லடை அருகே பி.எச். தாள் வைத்து மணிக்கொரு முறை பார்க்கச் சொன்னேன். கழுவும் பிரிவு மேற்பார்வையாளரின் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதினேன். இரண்டாவதுதான் அதிகம் பயன்பட்டது.

8. முலாம் பூசும் ஆலை என்றால்

ஓசூரில் வாகன உதிரிபாக வேலை அதிகம். ஆகவே முலாம், பாஸ்பேட் பூச்சு நீரும் உங்கள் கைக்கு வரலாம். இங்கே வேதியியல்தான் முதலில், நுண்ணுயிர் பின்னால். குரோமியம் நீர் மஞ்சளாக வரும். கந்தக அமிலம் சேர்த்து பி.எச்.சை 2-க்கும் 3-க்கும் இடையே இறக்கி, சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டுப் பச்சையாக்கிய பிறகே சுண்ணாம்பு போட்டு 8 முதல் 9-க்கு ஏற்றி வீழ்படிவாக்க வேண்டும். வரிசை தவறிச் சுண்ணாம்பை முதலில் போட்டால் கசடு படியும், மஞ்சள் அப்படியே ஓடிவிடும். சயனைடு நீர் வரும் குழாயை அமில நீரோடு எந்தக் காரணத்துக்கும் சேர்க்காதீர்கள்; வருகிற வாயு கொல்லும்.

அழுக்கைத் திரளச் செய்யும் படிகாரம் எவ்வளவு என்பதைக் கண்மதிப்பில் போடாமல், ஆறு குவளையில் ஆறு அளவு போட்டுக் கலக்கிப் பாருங்கள். அந்தத் திரளைப் பெரிதாக்கும் பாலி எலக்ட்ரோலைட்டை ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் என்று, கலக்கிக்கொண்டே தூவிக் கரையுங்கள். மொத்தமாகக் கொட்டினால் ஜவ்வரிசிபோல் கட்டி தட்டும்.

இந்தக் கசடு அபாயக் கழிவு. வயலுக்கோ குப்பைமேட்டுக்கோ போகக் கூடாது. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி கூரையுள்ள இடத்தில் 90 நாளுக்குள் மட்டும் வைத்து, எடையைப் பதிவு செய்து, அனுமதி பெற்ற இடத்துக்கு உரிய சீட்டோடு அனுப்ப வேண்டும்.

9. மின்சாரம் போய்த் திரும்பினால்

நீண்ட மின்தடைக்குப் பின் எல்லா மோட்டாரையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். முதலில் புளோயர். அரை மணி கழித்துத் திரும்பும் கசடுப் பம்ப், ஏனென்றால் கிளாரிஃபையரின் அடியில் கசடு காற்றில்லாமல் தவித்துக்கொண்டிருக்கும். கரைந்த ஆக்சிஜன் 1-ஐத் தாண்டிய பிறகு ஃபீட் பம்ப், அதுவும் பாதி வேகத்தில். மூச்சுத் திணறுபவருக்கு முதலில் சாப்பாடா கொடுப்போம்?

ஜெனரேட்டர் இருந்தால் அதில் புளோயர் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அலுவலகத்தின் ஏ.சி. இணைந்திருக்கும், புளோயர் இருக்காது.

10. லாக் புக்கும் ஒப்படைப்பும்

அதிகாரி ஆய்வுக்கு வரும் முன்பு ஒரு மாத லாக் புக்கை ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதுகிற வழக்கம் உண்டு. முப்பது நாளும் பி.எச். 7.2, ஆக்சிஜன் 2.0. வருகிறவருக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அதைவிட, எழுதியவருக்கே அது உதவாது. வெளிநீர் கலங்கும்போது மூன்று நாள் முன்பு என்ன நடந்தது என்று தேடப் புத்தகத்தைத் திறந்தால் 7.2, 2.0 என்றே இருக்கும்.

அளவிடாததற்குக் கோடு போடுங்கள், எண் போடாதீர்கள். மீட்டர் பழுது என்றால் பழுது என்று எழுதுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி: ‘இரவு 2 மணிக்கு எண்ணெய் நீர் வந்தது, ஃபீட் 40 நிமிடம் நிறுத்தினேன்.’ மாற்றிய வால்வின் எண், மாற்றிய நேரம், காரணம். பி.ஓ.டி. முடிவு வர மூன்று நாள் ஆகும். மாதிரி எடுத்த தேதியில் எழுதுங்கள், முடிவு வந்த தேதியில் எழுதினால் வேறொரு நாளின் தவறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஒப்படைக்கும்போது பேனல் அறையில் நின்று வாயால் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அடுத்தவரைக் கூட்டிக்கொண்டு ஏரேஷன் டேங்க் வரை நடங்கள். குவளையில் அன்றைய படிவைக் காட்டுங்கள். நீங்கள் மாற்றிய வால்வை அவர் கையால் தொட்டுப் பார்க்கட்டும். அவர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு பூட்ஸைக் கழற்றுங்கள்.